நாலாவது குறிப்பு

பரீட்சைத்தாளில் வரும் நண்பர்களைப் போலக் கவலையில்லாதவர்கள் உலகத்தில் கிடையாது. எல்லாருக்கும் வாரக் கடைசியில்தான் பிறந்தநாள் வரும். எல்லாருக்கும் கேமரன் மலையில் ஒரு சித்தப்பா வீடு இருக்கும். விடுமுறை வந்தால் போதும், வா வா என்று மின்னஞ்சல் எழுதிக் கூப்பிடுவார்கள். அந்த மின்னஞ்சலின் ஓரத்தில் அம்புக்குறி போட்டு நாலு குறிப்புகள் இருக்கும். நன்றி சொல். உன் படிப்பைப் பற்றிச் சொல். வேறு யோசனை ஒன்று கொடு. கடைசியாக, வர முடியாது என்று சொல்லிக் காரணம் கூறு. பதில் எழுதுகிறவர் நாலுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஒன்றை விட்டாலும் மதிப்பெண்ணில் கை வைத்துவிடுவார்கள்.

மலேசியாவில் பல்கலைக்கழகம் போக நினைக்கும் பிள்ளைகள் எழுத வேண்டிய இந்த ஆங்கிலத் தேர்வுக்கு மூவெட் என்று பேர். ஈப்போ புந்தோங்கில் ஒரு ஃப்ளாட்டில் குடியிருக்கும் குமுதா இதை ஏற்கெனவே எழுதி, பேண்ட் என்னும் தரத்தில் மூன்று வாங்கியிருந்தாள். அவள் ஆசைப்பட்ட தாதியர் பட்டப்படிப்புக்கு நாலு வேண்டும். மறுபடி எழுதி நாலு கொண்டுவந்தால் இடம் உண்டு, இல்லாவிட்டால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள்.

அவளுக்கு ஆங்கிலம் வராமல் இல்லை. இலக்கணம் நன்றாகவே வரும். முதல் மூன்று குறிப்புகளுக்கும் அழகாகப் பதில் எழுதுவாள். நாலாவதில் போய் மாட்டிக்கொள்வாள். மறுத்து எழுத வராது. 'முயற்சி செய்கிறேன்', 'அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன்' என்று சுற்றிச் சுற்றி எழுதி, சொற்கணக்கைத் தீர்த்துவிடுவாள்.

அவளை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? நம் ஆட்களில் யார் முகத்துக்கு நேராக மறுக்கிறார்கள்? ஒரு வாரத்தில் மூன்று கல்யாணப் பத்திரிகை வந்தாலும் மூன்று பேரிடமும் 'கண்டிப்பா வந்துடுறோம்' என்றுதான் சொல்கிறோம். கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. பரீட்சைத்தாளுக்கு இந்த நாகரிகமெல்லாம் தெரியாது.

டியூஷனில் குமுதாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படித்தவள் தினேஸ்வரி. ஆயர் தாவார் பக்கம் செம்மண் தோட்டத்துப் பெண். ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்து, பாதி லயத்து வீடுகள் இடிபட்ட பிறகும் அவள் அம்மா நல்லம்மாள் அங்கேயேதான் இருந்தாள். தினேஸ்வரி ஈப்போவில் ஒரு கைப்பேசிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, சனிக்கிழமைதோறும் பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போய் வருவாள். கலகலப்பான பெண். ஆங்கிலத்தில் 'ஐ' எழுத்துக்கு மேலே எல்லாரும் புள்ளி வைப்பார்கள், அவள் சின்னதாக வட்டம் போடுவாள். டியூஷன் ஆசிரியை தக்ஷாயினி எத்தனை தடவை திட்டியும் அதை விட்டதில்லை.

பயிற்சிக்கு இருவரும் ஒரு வழி வைத்திருந்தார்கள். தினேஸ்வரி கூப்பிட்டு எழுதுவாள். குமுதா மறுத்து எழுத வேண்டும். தினேஸ்வரி கூப்பிடுவது எப்போதும் ஒரே இடத்துக்குத்தான்.

"எங்க தோட்டத்துத் திருவிழாவுக்கு வாடி. தேர் இல்ல, லோரிலதான் சாமி வரும். ஆனா செமையா இருக்கும்லா."

"வாரேன்டி, கண்டிப்பா வாரேன்."

"அய்யோ, வரமாட்டேன்னு சொல்லுடி! நாலாவது குறிப்பு!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள்.

விளையாட்டுக்குச் சொன்னதைத் தவிர, நிஜமாகவும் அவள் எத்தனையோ முறை கூப்பிட்டிருந்தாள். குமுதாவும் நிஜமாகவே வாரேன் என்று சொல்லியிருந்தாள். ஒரு முறையும் போனதில்லை.

பிறகு தினேஸ்வரிக்கு டிங்கி காய்ச்சல் வந்தது. ஈப்போவிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். படுக்கையிலிருந்து குரல்பதிவு அனுப்பினாள். "உங்க ஃப்ளாட் பின்னால பப்பாளி மரம் இருக்குல்ல? எங்க வீட்டு மரத்துல இலையெல்லாம் தீந்துபோச்சு. இலைச் சாறு எடுத்துட்டு வாடி. ரத்தத்துல பிளேட்லெட் ஏறுமாம், அம்மா சொல்றாங்க. நாளைக்கு வாரியா?"

"வாரேன்," என்று குமுதா பதில் போட்டாள். இலையைப் பறித்து, அரைத்து, வடிகட்டி, ஒரு பழைய பாட்டிலில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தாள். மறுநாள் போகவில்லை. தினேஸ்வரிக்கு ஈறில் ரத்தம் வருகிறது, முகம் வீங்கிவிட்டது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. தாதியாகப் போகிறேன் என்றவள் ஆஸ்பத்திரி வாசலுக்குப் பயந்தாள். 'நாளைக்குக் கட்டாயம் வாரேன்' என்று மறுபடி அனுப்பினாள். அதற்குப் பதில் வரவில்லை. பாட்டில் மட்டும் பச்சையாக அங்கேயே இருந்தது.

தினேஸ்வரியின் சாவுக்குப் போனாள். செம்மண் தோட்டத்தை அவள் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். நல்லம்மாள் அழக்கூட முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தாள். உடலை எடுத்த பிறகு, கூட்டம் கலையும்போது குமுதா அவளிடம் குனிந்தாள். வாய்ப்பழக்கம் முந்திக்கொண்டது.

"போயிட்டு வாரேன் ஆன்ட்டி."

சாவு வீட்டில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போவதுதான் முறை. வாரேன் என்று சொன்னால் அந்த வீட்டுக்கு மறுபடி ஒரு சாவுக்கு வருவதாக ஆகும், போனவரிடமே வருவதாக வாக்குக் கொடுப்பதாகவும் ஆகும் என்பார்கள். பக்கத்தில் இருந்த இருளாயிக் கிழவி குமுதாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னா புள்ள நீ, வாயக் கழுவு. போ, திரும்பிப் பாக்காம போ."

ஆனால் நல்லம்மாள் தலையைத் தூக்கிவிட்டாள். அன்று முழுக்க யாரையும் பார்க்காத கண்கள் குமுதாவைப் பார்த்தன.

"வாம்மா," என்றாள். "அவ பாத்துக்கிட்டே இருப்பா."

வீட்டுக்கு வந்து குமுதா பாட்டிலை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள். கசப்பு நெடி சமையலறை முழுக்க ஏறியது. அம்மா சன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை.

டியூஷனுக்குத் திரும்பிய முதல் நாள், ஃபாரா என்ற பெண் லுமுட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிடும் மின்னஞ்சல் பயிற்சிக்கு வந்தது. குமுதா எழுதிக் கொடுத்தாள். தக்ஷாயினி திருத்தும்போதே புருவத்தை நெரித்தாள். அவள் யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பத்துப் பெண். வக்கீல்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்தவள், பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது.

"என்ன பிள்ளை, நித்திரையில எழுதினியா? ஃபாரா கூப்பிட்டது லுமுட்டுக்கு. நீ கட்டாயம் வாறன், ஆயர் தாவார் பஸ் ஸ்டாப்பில நில் எண்டு எழுதியிருக்கிறாய். மறுக்கச் சொல்லியல்லோ கேட்டிருக்கு?"

குமுதா தாளை வாங்கிப் பார்த்தாள். முதல் மூன்று பதில்களும் அவள் எழுதியவை. நாலாவதை எழுதிய நினைவே இல்லை. அந்த வரிகளில் எழுத்துகள் நிமிர்ந்து நின்றன, அவள் எழுத்து சாய்ந்தே இருக்கும். ஒவ்வொரு 'ஐ'க்கும் மேலே சின்னதாக ஒரு வட்டம் இருந்தது.

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் என்ன சொல்வார்கள்? மனசு சரியில்லை, கோயிலுக்குப் போய் மந்திரிச்சிட்டு வா என்பார்கள். அம்மா அப்படிக்கூடச் சொல்ல மாட்டாள், தேர்வு வேண்டாம், தான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு வா என்றுவிடுவாள்.

அடுத்த வகுப்பில் விழிப்பாக இருந்தாள். நாலாவது குறிப்புக்கு வந்ததும் பேனாவை இறுக்கிப் பிடித்து, 'மன்னிக்கவும், என்னால்' என்பதற்கான ஆங்கிலச் சொற்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதினாள். பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது, அதில் யாரும் உட்காருவதில்லை. அங்கிருந்து பப்பாளி இலைச் சாற்றின் நெடி வந்தது. திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. தாளுக்குத் திரும்பியபோது வரி முடிந்திருந்தது. 'கட்டாயம் வருகிறேன். பழைய பால் ஸ்டோர் படியில் காத்திரு.'

முன்னொரு காலத்தில் ரப்பர் பாலை எடைபோட்ட இடம் அது. தோட்டத்தில் இன்னும் இடியாமல் நிற்கிறது என்று தினேஸ்வரி சொல்லியிருந்தாள். பஸ் நிறுத்தத்திலிருந்து அவள் வீட்டுக்குப் போகும் வழியில் அது இருக்கிறது. கை எழுதும் இடம் வகுப்புக்கு வகுப்பு அந்த வீட்டை நெருங்கிக்கொண்டிருப்பது குமுதாவுக்குப் புரிந்தது.

மாதிரித் தேர்வு வந்தது. உண்மைத் தேர்வுக்கு முன்னால் அதுதான் கடைசிப் பயிற்சி. எல்லாத் தாள்களையும் திருத்தி முடித்த பிறகு தக்ஷாயினி குமுதாவை மட்டும் நிற்கச் சொன்னாள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள்.

"இதைப் பரீட்சையில எழுதினா மார்க் கோசோங். விளங்குதா? சைபர். நீ எழுதினதை நீயே வாசி."

குமுதா வாசித்தாள். 'இந்தச் சனிக்கிழமை வருகிறேன். உன் கட்டிலில் எனக்கும் இடம் வை. நான் திரும்பிப் போகமாட்டேன்.'

வாசித்து முடித்ததும் தக்ஷாயினி தாளை வாங்கினாள். முகத்தருகே கொண்டுபோனவள் சட்டென்று விலக்கினாள்.

"என்ன மணக்குது இதில? ஏதோ கசாயம் மாதிரி."

குமுதாவுக்கு அழுகை முட்டியது. இதுவரை தனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்றுதான் நினைத்திருந்தாள். பைத்தியம் இல்லை என்று தெரிந்ததும் பயம் இன்னும் கூடிற்று. தக்ஷாயினி தாளை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள்.

எத்தனையோ தடவை வாரேன் என்று சொன்னது குமுதாவின் வாய். அதைத்தான் கை எழுதிக் காட்டுகிறது. போய் நேரில் மறுக்காவிட்டால் பரீட்சை மண்டபத்திலும் எழுதும். எழுதினால் இடம் போகும். இடம் மட்டும்தான் போகுமா என்பதை நினைக்க அவளுக்குத் தெம்பில்லை. கட்டிலில் இடம் வை என்று கேட்டாகிவிட்டது. சனிக்கிழமை விடிந்ததும் அவளே பஸ் ஏறினாள்.

ஆயர் தாவாரில் இறங்கி, நல்ல வெயிலில் செம்மண் பாதையில் நடந்தாள். இரண்டு பக்கமும் எண்ணெய்ப்பனை. அதன் கீழே வெயில் இறங்குவதில்லை, பகலிலும் இருட்டாகவே இருக்கும். பால் ஸ்டோர் கூரையில்லாமல் நின்றது. படியில் யாரும் இல்லை, ஆனால் படி மட்டும் இப்போதுதான் கூட்டியதுபோலச் சுத்தமாக இருந்தது. குமுதா அந்தப் பக்கம் பார்க்காமல் வேகமாக நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் நின்றால் அதுவும் நின்றது.

நல்லம்மாள் வீட்டு வாசலில் பப்பாளி மரம் இருந்தது. மகளுக்காக அத்தனை இலையையும் பறித்துவிட்டிருந்தாள், மரம் வெறும் கம்பாக நின்றது. கதவு திறந்திருந்தது. உள்ளே தரையில் இரண்டு தட்டுகளில் சோறு போட்டு வைத்திருந்தாள்.

"வந்துட்டியா," என்றாள் நல்லம்மாள். ஆச்சரியமே படவில்லை. "சனிக்கெழம சனிக்கெழம போட்டு வைக்கிறேன். இன்னைக்கு வருவான்னு சொன்னா."

"யார் சொன்னா ஆன்ட்டி?"

நல்லம்மாள் அறைப் பக்கம் பார்த்தாள். அறைக்கு ஒரு பூப்போட்ட திரை தொங்கியது. காற்றே இல்லை, திரை ஆடியது. அதன் கீழே, தரைக்கும் திரைக்கும் நடுவில், கட்டிலின் கால்கள் தெரிந்தன. கட்டிலில் இரண்டு தலையணைகள் இருப்பது திரை ஆடும்போது தெரிந்தது. கசப்பு நெடி குமுதாவின் தொண்டைக்குள் இறங்கியது.

"சாப்புடும்மா. இங்கயே தங்கிடு. பரீட்சைக்கு இங்கருந்தே போலாம். அவ துணிமணி எல்லாம் உனக்குச் சரியா இருக்கும். எனக்கும் ஆளாச்சு, அவளுக்கும் ஆளாச்சு." நல்லம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் உலகத்தில் இதைவிட அன்பாக யாரும் யாரையும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். "இருக்கியாம்மா?"

குமுதாவின் வாயில் பழைய பதில் தயாராக இருந்தது. இன்னைக்கு முடியாது ஆன்ட்டி, இன்னொரு நாள் வந்து தங்குறேன். எவ்வளவு சுலபமான பதில்! யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பஸ் பிடித்துப் போய்விடலாம். வாயைத் திறந்தாள். திரைக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது, யாரோ நகர்ந்து இடம் விட்டதுபோல.

"இல்ல ஆன்ட்டி," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "நான் வரமாட்டேன்."

நல்லம்மாளின் கை இறுகியது. "ஏன்?"

காரணம் கூறு என்று பரீட்சைத்தாள் கேட்கும்போது அவள் எப்போதும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வகுப்பு இருக்கிறது என்று எதையாவது கட்டிவிடுவாள். இங்கே எதையும் கட்ட முடியவில்லை. அவள் நல்லம்மாளைப் பார்க்காமல் திரையைப் பார்த்துச் சொன்னாள்.

"அன்னைக்கும் நான் வரலடி. வாரேன் வாரேன்னு பொய் சொன்னேன். சாறு எடுத்து வச்சிருந்தேன். உன் மூஞ்ச பாக்கப் பயமா இருந்துச்சு, அதான் வரல. வரமாட்டேன்னு சொல்லியிருந்தா நீ வேற யாரையாச்சும் கேட்டிருப்ப. நீ எனக்காகவே காத்துக்கிட்டு இருந்திருக்க." மூச்சு வாங்கியது. "இப்பவும் வரமாட்டேன். நான் உயிரோட இருக்கணும்டி. அதான் காரணம். வேற இல்ல."

தட்டில் ஒரு ஈ உட்கார்ந்தது. நல்லம்மாள் குமுதாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அடிப்பாள் என்றுதான் குமுதா நினைத்தாள், அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள். கடைசியில் நல்லம்மாள் பிடியை விட்டாள். எழுந்து போய்த் திரையை விலக்கினாள். வெறும் கட்டில். அதில் ஒரு தலையணையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, காலியாக இருந்த மூலையைப் பார்த்துப் பேசினாள்.

"கேட்டியாடி? வரமாட்டாளாம். இனிமே யாரும் வரமாட்டாங்க. நீயும் காத்துக்கிட்டு இருக்காத. போம்மா. நீ போயிடு."

அப்புறம்தான் நல்லம்மாள் அழுதாள். சாவன்று வராத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. குமுதா அவள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு இருவரும் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டார்கள். குமுதா கையைக் கழுவிவிட்டு எழுந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நல்லம்மாளும் வா என்று சொல்லவில்லை. பால் ஸ்டோர் படியில் சருகு கிடந்தது. பஸ் நிறுத்தம் வரைக்கும் அவள் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பேண்ட் நாலு கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது, இடமும் கிடைத்தது. அதெல்லாம் பிற்பாடு நடந்தது.

தேர்வன்று கேள்வித்தாளைப் பிரித்தபோது, ஏதோ ஒரு சோஃபியா தன் மாமாவின் பழத்தோட்டத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தாள். ஓரத்தில் நாலு குறிப்புகள். குமுதா முதல் மூன்றுக்கும் பதில் எழுதினாள். நாலாவதற்கு வந்ததும் நிறுத்திக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கசப்பு நெடியும் இல்லை. கை அவளுடைய கையாகவே இருந்தது. என்னால் வர முடியாது என்று சாய்வான தன் எழுத்தில் எழுதினாள். காரணத்தையும் எழுதினாள். 'ஐ'க்களின் மேல் புள்ளிகள்தான் இருந்தன. எழுதி முடித்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு வட்டமாவது இருக்காதா என்று தேடுகிறாள் என்பது அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது. அவ்வளவு பயப்பட்டாளே, இப்போது அது போய்விட்டதற்குத் துக்கமாக இருந்தது.

நேரம் முடிந்தது. தாளை வாங்கிக்கொண்டு போனார்கள். அவளுக்குப் பக்கத்து மேசைக்காரர் தேர்வுக்கு வரவில்லை, நாற்காலி காலியாக இருந்தது. பையை மாட்டிக்கொண்டு எழுந்த குமுதா, பழக்கதோஷத்தில் அந்த நாற்காலியின் பக்கம் திரும்பினாள். வகுப்பு முடிந்து கிளம்பும்போதெல்லாம் தினேஸ்வரியிடம் சொல்லும் சொல் வாய்வரைக்கும் வந்துவிட்டது. போயிட்டு.

அதோடு வாயை மூடிக்கொண்டாள். சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல், வெளியே வெயிலுக்குள் நடந்தாள்.